மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரை நின்ன இடத்துல இருந்து வேகமா கிளப்புறது எப்படி: எம்எக்ஸ்-5 வச்சு ஒரு முழு வழிகாட்டி

ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்தை, ஏத்தி வச்சுட்டு கிளட்சை டப்புனு விட்டா வண்டி சீறிக்கிட்டு போகும்னு தான் ஆரம்பத்துல எல்லாரும் நினைப்போம், நானும் அப்படித்தான் நினைச்சேன். டயர் கத்தும், புகை வரும், உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு பயங்கர வேகமா போற மாதிரி இருக்கும், ஆனா ஓடி முடிச்சு டைம் ஸ்லிப்பை, அதாவது ஓட்ட நேரத்தை அச்சடிச்சுத் தர்ற சீட்டை, வாங்கிப் பாத்தா முதல் 60 அடிக்கே அநியாயத்துக்கு நேரம் எடுத்திருக்கும். நல்ல ஸ்டார்ட் பாக்குறதுக்கு அமைதியா இருக்கும், டயர் லேசா முனகும், அவ்வளவுதான். அந்த முனகல் எப்படி வருது, அதை எப்படி ஒவ்வொரு தடவையும் வர வைக்கிறதுன்னு தான் இங்க எழுதப் போறேன்.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 எடுத்துக்கிறேன், நாலாவது தலைமுறை, 2019ல இருந்து வந்த 184 குதிரைத்திறன் 2.0 லிட்டர், ஆறு கியர் மேனுவல். டர்போ கிடையாது, எஞ்சின் முன்னாடி, பின் வீல் ஓடுற வண்டி, எடை டிரைவரோட சேத்து 1,150 கிலோவுக்குள்ள தான். கத்துக்க இதை விட நேர்மையான கார் இல்லைங்கிறது என் கருத்து, ஏன்னா கால் என்ன பண்ணுச்சோ அதை அப்படியே திருப்பிக் காட்டும். உங்ககிட்ட வேற கார் இருந்தா கடைசில அதுக்கும் கொஞ்சம் சொல்லிருக்கேன்.

முதல்ல கணக்கு, இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க

இந்த கார்ல ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோ 5.087, டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு சுத்தைக் கடத்துற கியர்) ரேஷியோ 2.866. ரெண்டையும் பெருக்கினா 14.6 வருது, அதாவது எஞ்சின் 14.6 சுத்து சுத்தினா பின் சக்கரம் ஒரு சுத்து. 205/45 ஆர்17 டயருக்கு கணக்கு போட்டா ஃபர்ஸ்ட் கியர்ல ஒவ்வொரு ஆயிரம் ஆர்பிஎம்முக்கும் 8 கிலோமீட்டர் வேகம். இப்ப நீங்க 4,000 ஆர்பிஎம்ல வச்சு கிளம்புறீங்கன்னு வைங்க, அந்த ஆர்பிஎம்முக்கு உரிய வேகம் மணிக்கு 32 கிமீ, ஆனா கார் நிக்குது, வேகம் பூஜ்யம். எஞ்சின் ஒரு பக்கம் 32 கிமீக்கு சுத்திக்கிட்டு இருக்கு, ரோடு ஒரு பக்கம் அசையாம கிடக்கு, நடுவுல இருக்கிற இந்த வித்தியாசம் எங்கயாவது வழுக்கித்தான் தீரணும்.

வழுக்க மூணே இடம் தான் இருக்கு. ஒண்ணு கிளட்ச் வழுக்கும். இல்லைன்னா டயர் ரோட்டுல வழுக்கும். ரெண்டும் வழுக்கலைன்னா எஞ்சின் கீழ இறங்கி வரும், 4,000ல இருந்தது 1,200க்கு விழுந்து வண்டி முக்கிக்கிட்டு நகரும், சில சமயம் ஆஃப் ஆயிடும். ஸ்டார்ட் கத்துக்கிறதுன்னா இந்த வழுக்கலை மூணு பேருக்கும் எவ்வளவு எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுக்கக் கத்துக்கிறது தான். கிளட்சுக்கு பெரிய பங்கு, டயருக்கு ஒரு சின்ன பங்கு, எஞ்சின் ஆர்பிஎம் இறக்கத்துக்கு ஒரு சின்ன பங்கு, இது தான் சரியான விகிதம்.

டயருக்கு ஏன் சின்ன பங்காவது குடுக்கணும்னா, ரப்பர் கொஞ்சம் வழுக்கும்போது தான் முழு பிடிமானம் குடுக்கும். சாதாரண ரோடு டயருக்கு ரோட்டு வேகத்தை விட 10ல இருந்து 15 சதவீதம் அதிகமா சக்கரம் சுத்தும்போது தான் உச்ச பிடி கிடைக்கும், அதுக்கு மேல போனா பிடி குறைய ஆரம்பிச்சு அப்புறம் சக்கரம் சும்மா சுத்தும். அந்த லேசான முனகல் சத்தம் வருதுல்ல, அது தான் இந்த இடம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. இந்த கார் எஞ்சினோட உச்ச டார்க், அதாவது சுழற்றுற விசை, 205 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்ல. ஃபர்ஸ்ட் கியர்ல இது பின் சக்கரத்துக்கு போய் சேரும்போது காரை ஏறக்குறைய 0.8 ஜி முடுக்கத்துல தள்ளுற அளவு விசை வருது (கீழ விழுற பொருள் வேகம் எடுக்கிற அளவு தான் ஒரு ஜி), ஆனா நல்ல ரோடு டயர் போட்டிருந்தாலும் பின் வீல் தாங்கிக்கிறது 0.6 ஜியை ஒட்டித்தான். செகண்ட் கியர் போட்டதும் எஞ்சினோட விசை 0.5 ஜிக்கு கீழ இறங்கிடுது, காஞ்ச ரோட்டுல டயர் அதை அசால்ட்டா தாங்கும். அதாவது ஃபர்ஸ்ட் கியர் முழுக்க, 60 கிமீ வரைக்கும், உங்களைத் தடுக்கிறது டயர், அதுக்கு அப்புறம் தான் எஞ்சின். இது தெரிஞ்சாலே பாதி பதட்டம் போயிடும், ஏன்னா ஃபர்ஸ்ட் கியர்ல உங்ககிட்ட சக்தி தேவைக்கு மேலயே இருக்கு, அதை அவசரமா கொட்ட வேண்டியதே இல்லை.

எங்க பண்றது

பப்ளிக் ரோட்டுல கண்டிப்பா வேண்டாம். சிக்னல்ல பக்கத்து வண்டியோட போட்டி போடுற பழக்கத்துல உயிர் போன கதை எல்லா ஊர்லயும் இருக்கு, அதோட நான் இருக்கிற இங்கிலாந்துல 2002ம் வருஷ போலீஸ் சீர்திருத்தச் சட்டம் 59ம் பிரிவு படி, மத்தவங்களை பயமுறுத்துற மாதிரி தாறுமாறா ஓட்டினா போலீஸ் வண்டியையே தூக்கிட்டுப் போகலாம். சட்டத்தை விடுங்க, ரோட்டுல கத்துக்கவும் முடியாது, ஏன்னா அளந்து சொல்ல ஆள் இல்லை, ஒரே மாதிரி தரை இல்லை, கவனமும் பாதி கண்ணாடில இருக்கும்.

ட்ராக் (drag) ஸ்ட்ரிப், அதாவது நேர்கோட்டுல கால் மைல் ஓட்டி நேரம் அளக்கிற இடம், அது தான் சரியான இடம். பெட்ஃபோர்ட்ஷயர்ல சாண்டா பாட்னு ஒரு ஸ்ட்ரிப் இருக்கு, பழைய போடிங்டன் விமானதளத்து ரன்வே மேல 1966ல ஆரம்பிச்சது, ஐரோப்பால நிரந்தரமா ட்ராக் ரேஸுக்குன்னே வந்த முதல் இடம். அங்க பொதுமக்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் கால் மைல் ஓட்டிப் பாக்குற நாட்கள் உண்டு, லைசென்ஸ், ஹெல்மெட், கை கால் மூடுற துணி இருந்தா போதும், பக்கத்து லேன்ல பால்காரர் வேன் கூட வந்து நிக்கும், யாரும் யாரையும் ஏளனமா பாக்க மாட்டாங்க. உங்க ஊர்ல எது பக்கமோ அங்க போங்க. ஒரு விஷயம், இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க, ரேஸ் ட்ராக்லயும் ஸ்ட்ரிப்லயும் நடக்கிறதுக்கு பெரும்பாலான பாலிசி பணம் தராது.

காரும் டயரும்

ஆயில் லெவல், கூலன்ட், வீல் நட்டு இறுக்கம், பிரேக் பேட், இதெல்லாம் பாருங்க. கிளட்ச் ஏற்கனவே தேஞ்சு போயிருக்கான்னு ஒரு சோதனை: காலி ரோட்டுல நாலாவது கியர்ல 50 கிமீல போயிட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க, வேகம் ஏறாம ஆர்பிஎம் மட்டும் தனியா ஏறுச்சுன்னா கிளட்ச் முடிஞ்சுது, அன்னைக்கு ஸ்டார்ட் பழகவே வேண்டாம், முதல்ல அதை மாத்துங்க. பூட்ல கிடக்கிற சாமான் எல்லாத்தையும் இறக்கிடுங்க. இடது கால் பக்கத்து ஃப்ளோர் மேட்டையும் எடுத்துடுங்க, அது நகர்ந்து பெடலுக்கு அடியில போச்சுன்னா ஆபத்து.

வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துட்டா எஞ்சின் சூடாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை, அது கூலன்ட் சூடு தான், ஆயிலும் கியர் பாக்ஸும் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். ஸ்ட்ரிப்புக்கு ஓட்டிட்டு வர்றதே பல சமயம் போதும், ஆனா ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னு ஆறிப் போயிருந்தா அதை மனசுல வச்சுக்கோங்க.

டயர் காத்து. இந்த காருக்கு மாஸ்டா சொல்ற அளவு நாலு டயருக்கும் குளிர்ந்த நிலையில 29 பிஎஸ்ஐ. அங்க போய் சேரும்போது சூட்டுல அது 32, 33க்கு ஏறியிருக்கும். பின் டயர்ல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி 27, 26 கிட்ட கொண்டு வாங்க, அதுக்குக் கீழ நான் போக மாட்டேன், ஏன்னா கால் மைல் முடிவுல நீங்க 150 கிமீல இருப்பீங்க, அப்ப வண்டி பின்பக்கம் தள்ளாடக் கூடாது. முன் டயரை இறக்காதீங்க. சின்ன காத்து மெஷின் ஒண்ணு கையில எடுத்துட்டுப் போங்க, வீட்டுக்கு கிளம்பும்போது திரும்ப ஏத்தணும்.

ஸ்ட்ரிப்ல ஸ்டார்ட் கோட்டுக்கு முன்னாடி தண்ணி தேங்கி நிக்கிற ஒரு இடம் இருக்கும், பெரிய வண்டிங்க அதுல டயரை நனைச்சு பர்ன்அவுட் போடும், அதாவது நின்ன இடத்துலயே சக்கரத்தை சுத்தவிட்டு டயரை சூடாக்கும். ரோடு டயர் போட்ட கார் அதுக்குள்ள போகக் கூடாது, சுத்திக்கிட்டு போங்க. ரோடு டயர்ல பள்ளம் பள்ளமா கோடு இருக்குறதால தண்ணி அதுல ஏறி உக்காந்துக்கும், நீங்க கோட்டுல நிக்கும்போது உங்க சக்கரத்துக்கு அடியிலயே சொட்டும், அடுத்து வர்றவருக்கும் அது தான் கதி. தண்ணியைத் தாண்டி வந்து காஞ்ச இடத்துல ஒரு செகண்ட் லேசா சக்கரத்தை சுத்தவிட்டு ஒட்டின கல்லு மண்ணை உதறினா போதும்.

இடது காலுக்கு பயிற்சி

இது தான் முழு விஷயத்துலயும் முக்கியம்னு நான் நம்புறேன், இதுக்கு மட்டும் ரெண்டு நாள் ஒதுக்குங்க, காலி பார்க்கிங் போதும், வேகமே தேவையில்லை.

சீட்டை வழக்கத்தை விட ஒரு கிளிக் முன்னாடி தள்ளுங்க, கிளட்சை கடைசி வரைக்கும் மிதிச்சாலும் முட்டி மடங்கியே இருக்கணும். செருப்பு, தடிச்ச சோல் வச்ச ஷூ வேண்டாம், மெல்லிசா இருக்கிற கேன்வாஸ் ஷூ போதும். இப்ப குதிகாலை தரையில ஊனுங்க. தினமும் ஓட்டும்போது நாம முழு காலையும் தூக்கித்தான் கிளட்சை விடுவோம், அப்படி விட்டா அளவு கையில நிக்காது, குதிகால் தரையில ஊனி கணுக்காலை மட்டும் மடக்கி விட்டா தான் மில்லிமீட்டர் கணக்குல விட முடியும். கால் நீளத்தைப் பொறுத்து சிலருக்கு குதிகால் ஊனினா பெடல் அடி வரைக்கும் போகாது, அவங்க முதல்ல முழுசா மிதிச்சுட்டு, விட ஆரம்பிக்கிற நேரத்துல குதிகாலை இறக்கி ஊனிக்கலாம்.

முதல் பயிற்சி, ஆக்சிலேட்டரே தொடாம ஹாஃப் கிளட்ச்ல வண்டியை நகத்துறது. மெதுவா விட்டுக்கிட்டே வாங்க, எஞ்சின் சத்தம் லேசா கனமாகும், வண்டி மூக்கு கொஞ்சம் அசையும், அது தான் கிளட்ச் பிடிக்கிற இடம். திரும்ப மிதிங்க, நிறுத்துங்க, திரும்ப விடுங்க. ஒரு முப்பது நாப்பது தடவை, கண்ணை பெடல்ல வைக்காம, அந்த இடத்தை கால் தானா தேடிப் போற வரைக்கும்.

ரெண்டாவது பயிற்சி, 1,500 ஆர்பிஎம் புடிச்சு வச்சுக்கிட்டு, பிடிக்கிற இடத்துக்கு காலை சட்டுனு கொண்டு வந்து அங்க நிறுத்துங்க. விட்டுட்டே போகாதீங்க, நிறுத்துங்க. வண்டி நகரும், ஆர்பிஎம் 1,500லயே நிக்கணும், வலது கால் அதைப் பாத்துக்கணும். வண்டி 12 கிமீ தொட்டதும் எஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்துடும், அப்ப மீதி கிளட்சை விடுங்க, ஒரு குலுக்கல் கூட இருக்கக் கூடாது. குலுங்குச்சுன்னா சீக்கிரம் விட்டுட்டீங்க. இது சுத்தமா வந்த பிறகு 2,000, அப்புறம் 2,500. அஞ்சு தடவைக்கு ஒரு முறை பத்து நிமிஷம் சும்மா ஓட்டி கிளட்சை ஆற விடுங்க.

இந்த 'நிறுத்தி வைக்கிறது' தான் எல்லாமே. டப்புனு விடுறவங்களுக்கும் அளந்து விடுறவங்களுக்கும் பெடல் பயணத்துல வித்தியாசம் ஒரு விரல் அகலம் கூட இருக்காது, நேரத்துல ஒரு செகண்டுக்கு மேல வித்தியாசம் வரும்.

கோட்டுல வந்து நிக்கிறது

ஐ-ஸ்டாப், அதாவது நின்னா தானா எஞ்சின் அணையுற வசதி, அதை அணைச்சுடுங்க. ஏசியை அணைங்க. சக்கரம் வழுக்காம தானா தடுக்கிற ட்ராக்‌ஷன் கண்ட்ரோலை எப்படி முழுசா அணைக்கிறதுன்னு உங்க காரோட மேனுவல்ல பாத்து வச்சுக்கோங்க, ஏன்னா நமக்கு தேவையான அந்த 10 சதவீத வழுக்கலைக் கூட அது தப்புன்னு நினைச்சு எஞ்சினை அடக்கிடும். மழை ஈரம் இருந்தாலோ, முதல் முறை போறீங்கன்னாலோ அணைக்காம ஒரு ரன் போங்க, அவமானம் ஒண்ணும் இல்லை.

லைட் கம்பத்துல மேல ரெண்டு வரிசை சின்ன விளக்கு. தரையில ஏழு அங்குல இடைவெளியில ரெண்டு ஒளிக்கதிர் ஓடுது, முன் சக்கரம் முதல் கதிரை மறைச்சா மேல் வரிசை எரியும், ரெண்டாவதை மறைச்சா கீழ் வரிசை எரியும். ஹாஃப் கிளட்ச்ல ஊர்ந்து வாங்க, ரெண்டாவது விளக்கு எரிஞ்ச அந்த நொடியில நிறுத்துங்க, அதுக்கு மேல ஒரு அங்குலம் கூட போகாதீங்க. காரணம் என்னன்னா, ஓட்ட நேரம் பச்சை விழுந்ததுல இருந்து ஆரம்பிக்கிறதில்லை, உங்க சக்கரம் அந்த கதிரை விட்டு வெளிய போன பிறகு தான் கடிகாரம் ஓடும். கதிரோட ஆரம்பத்துலயே நின்னா, கடிகாரம் ஓடுறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட ஒரு அடி உருள இடம் கிடைக்கும். நின்ன இடத்துல இருந்து ஒரு அடி கடக்கவே 0.3 செகண்ட் ஆகும், அந்த நேரம் உங்க கணக்குல வராது.

இதே காரணத்தால தான், நேரம் மட்டும் நல்லா வரணும்னா லைட்டைப் பாத்து பதறவே தேவையில்லை. பச்சை விழுந்து ரெண்டு செகண்ட் கழிச்சு கிளம்பினாலும் ஓட்ட நேரம் அதே தான். பக்கத்து லேன்காரரை ஜெயிக்கணும்னா மட்டும் தான் லைட்டுக்கு உடனே கிளம்பணும், அதுக்கு மூணு மஞ்சள் அரை அரை செகண்ட் இடைவெளில விழுற முறைன்னா கடைசி மஞ்சள் எரிஞ்சதும் காலை விடுங்க, பச்சையைக் கண்ணால பாத்துட்டு விட்டா லேட். ஆனா முதல் ஆறேழு ரன்ல லைட் பந்தயத்தை மறந்துடுங்க, பச்சை விழட்டும், மூச்சு விட்டு, அப்புறம் கிளம்புங்க.

சர்க்யூட் ரேஸ்ல கிரிட்ல, அதாவது வரிசையா நிக்கிற ஸ்டார்ட் இடத்துல, இருந்து கிளம்புறவங்களுக்கு இந்த ஒரு அடி சலுகையும் கிடையாது, காத்திருக்கிற சொகுசும் கிடையாது. அங்க சிவப்பு விளக்கு அணைஞ்சதும் கால் விட்டாகணும்.

கிளம்புற அந்த ரெண்டு செகண்ட்

ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் முழுசா கீழ, ஸ்டீயரிங் நேரா. ஆர்பிஎம் 3,500ல புடிங்க, ரொம்ப நேரம் வேண்டாம், ரெண்டு மூணு செகண்ட் போதும். முள் ஆடக் கூடாது, 3,000க்கும் 4,000க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருந்தா ஒவ்வொரு ஸ்டார்ட்டும் வேற மாதிரி தான் வரும்.

கிளம்பும்போது கிளட்சை பிடிக்கிற இடத்துக்கு வேகமா கொண்டு வாங்க, அந்த இடம் வரைக்கும் தயக்கமே வேண்டாம், அதுவரை எதுவும் பிடிக்கப் போறதில்லை. பிடிச்சதும் காலை நிறுத்துங்க. இப்ப காரோட பின்பக்கம் அமுங்கி உக்காரும், முதுகு சீட்டுல அழுந்தும். அந்த அமுக்கம் நமக்கு வேணும், எடை பின் சக்கரத்து மேல ஏறினா தான் பிடி கூடும், அதுக்கு ஒரு கண நேரம் தேவை, அந்த கண நேரத்துக்கு முன்னாடியே சக்தியைக் கொட்டினா தான் டயர் சுத்துது. உக்காந்ததும் வலது காலை அழுத்துங்க, ஆர்பிஎம் முள் அசையாம அப்படியே நிக்கணும், அல்லது ஒரு 500 இறங்கலாம். இடது கால் பிடிச்ச இடத்துல இருந்து நூல் நூலா மேல வரட்டும். டயர் முனகுதா, சரி. முனகல் அலறலா மாறுதா, ஆக்சிலேட்டரை ஒரு துளி குறைங்க, முழுசா எடுத்துடாதீங்க. ஒரு செகண்டுக்கு மேல, 28, 30 கிமீ வரும்போது எஞ்சினும் சக்கரமும் சேந்துக்கும், சத்தத்துலயே தெரியும், அதுவரை ஒரே சுருதியில இருந்த எஞ்சின் மேல ஏற ஆரம்பிக்கும். அப்ப இடது காலை முழுசா எடுத்து ஃபுட் ரெஸ்ட்ல வைங்க, வலது காலை டயர் முனகலைத் தாண்டாத அளவுக்கு அழுத்திக்கிட்டே போங்க.

எழுதிப் படிக்க நீளமா இருக்கு, நடக்கிறது ஒண்ணரை செகண்ட். அதனால தான் பார்க்கிங் பயிற்சி.

தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிறது

வண்டி முக்கிச்சு, ஆர்பிஎம் 2,000க்கு கீழ போச்சுன்னா கிளட்சை நிறுத்தி வைக்காம விட்டுட்டீங்க, ஆனா டயர் பிடிச்சுக்கிச்சு. நிறைய பேர் இதுக்கு அடுத்த ரன்ல ஆர்பிஎம்மை 5,000க்கு ஏத்திடுவாங்க, அது மருந்தே இல்லை, அதே காலை வச்சுக்கிட்டு ஆர்பிஎம் ஏத்தினா அடுத்தது டயர் சுத்தும். முதல்ல காலை சரி பண்ணுங்க, அது சரியா இருந்தும் முக்கினா அப்புறம் 300, 300ஆ ஏத்துங்க.

டயர் சுத்திக்கிட்டே இருந்துச்சு, ஆர்பிஎம் உடனே 6,000 போயிடுச்சுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், கிளட்ச் சீக்கிரம் வந்துச்சு, அல்லது தரையும் டயரும் அன்னைக்கு குளிர்ந்து கிடக்கு. சம்மர் டயருக்கு 7 டிகிரிக்குக் கீழ ரப்பர் இறுகிடும், அந்த நாள்ல 3,000ல கிளம்புங்க.

பின்பக்கம் டகடகடகன்னு குதிச்சா உடனே காலை எடுங்க. டயர் பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு அடிக்கிற அடி அது, டிரைவ் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் உடையுறது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்துல தான். நேரம் போனா போகட்டும், அந்த ரன்னை விட்டுடுங்க.

வண்டி ஒரு பக்கமா இழுத்தா ஸ்டீயரிங்கை லேசா திருத்தினா போதும், நிறைய திருப்பாதீங்க. எம்எக்ஸ்-5ல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்தாம தடுக்கிறது) இல்லாத மாடலும் உண்டு, அதுல ஒரு பின் சக்கரம் மட்டும் சுத்தும், இன்னும் பொறுமையா கிளம்பணும்.

செகண்ட் கியர்

ஃபர்ஸ்ட் கியர் 7,500 ஆர்பிஎம்ல 60 கிமீயோட முடிஞ்சுடும், செகண்ட் 101 கிமீ வரைக்கும் போகும். அதாவது 0ல இருந்து 100க்கு ஒரே ஒரு கியர் மாத்தம். அந்த ஒண்ணை சொதப்பினா கிளம்பினதுல சம்பாதிச்ச எல்லாம் போச்சு. அதோட டயர் தேஞ்சிருந்தா விட்டம் கொஞ்சம் குறையும், அப்ப செகண்ட் கியர் சரியா 100லயே லிமிட்டர்ல (எஞ்சினை அதுக்கு மேல சுத்த விடாத வரம்புல) முட்டும், இதுவும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

முள் 7,300ல இருக்கும்போது மாத்தணும்னா மூளை 6,800லயே முடிவெடுத்திருக்கணும், ஃபர்ஸ்ட் கியர்ல முள் அவ்வளவு வேகமா ஏறும். கை முன்கூட்டியே கியர் லிவர் மேல இருக்கட்டும். கிளட்ச் கீழ, ஆக்சிலேட்டர் மேல, லிவர் பின்னாடி, மூணும் ஒண்ணா. லிவரை முஷ்டியால அடிக்காதீங்க, உள்ளங்கையால நேரா பின்னாடி இழுங்க, பக்கவாட்டுல தள்ளினா கேட்ல சிக்கும். மாத்தினதும் ஆர்பிஎம் 4,300க்கு வரும், டார்க் உச்சத்துக்கு கொஞ்சம் மேல, அதனால இங்க கிளட்சை இழுத்து இழுத்து விடத் தேவையில்லை, சட்டுனு விட்டுட்டு முழுசா மிதிங்க. ஆக்சிலேட்டரை எடுக்காமலே கியர் மாத்துற வித்தையை சிலர் சொல்லுவாங்க, அதுல மிச்சமாகிறது 0.1 செகண்ட், தேயுறது சிங்க்ரோ, அதாவது கியர்களோட வேகத்தை ஒத்துப்போக வைக்கிற வளையம். எனக்கு அது கட்டுபடியாகாத வியாபாரம்.

டைம் ஸ்லிப்பைப் படிக்கிறது

காகிதத்துல நிறைய எண் இருக்கும், ஸ்டார்ட்டுக்கு 60 அடி நேரம் தான் பாருங்க. மேல போட்ட கணக்குப்படி ரோடு டயர்ல இந்த கார் 60 அடியை 2.2 செகண்ட் கிட்ட கடக்கணும். 2.5க்கு மேல வந்தா கால்ல வேலை பாக்கி இருக்கு. 60 அடில 0.1 குறைச்சா கால் மைல் முடிவுலயும் அது அப்படியே குறையும், பல சமயம் அதுக்கு மேலயும் குறையும், எஞ்சின்ல ஒரு பைசா செலவு பண்ணாம.

ஒவ்வொரு ரன் முடிஞ்சதும் ஸ்லிப் பின்னாடியே நாலு விஷயம் எழுதுங்க: எந்த ஆர்பிஎம், பின் டயர் காத்து, டயர் என்ன சத்தம் போட்டுச்சு, ஆர்பிஎம் எவ்வளவு இறங்குச்சு. ஒரு ரன்னுக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. காத்தையும் ஆர்பிஎம்மையும் ஒண்ணா மாத்திட்டு நேரம் குறைஞ்சா எதனால குறைஞ்சுதுன்னே தெரியாது. என் பழைய ஸ்லிப் எல்லாம் க்ளவ் பாக்ஸ்ல கட்டுக்கட்டா இருக்கு, எந்த யூடியூப் வீடியோவை விடவும் அதுல இருந்து தான் நான் அதிகம் கத்துக்கிட்டேன்.

கிளட்ச் சூடு

4,000ல கிளம்பி 32 கிமீல கிளட்ச் ஒட்டுதுன்னா அந்த ஒரு ஸ்டார்ட்ல கிளட்ச் வாங்கிக்கிற சூடு ஏறக்குறைய 45,000 ஜூல். ஒரு கிலோ இரும்போட சூட்டை 90 டிகிரிக்கு மேல ஏத்துற அளவு, அதுவும் ஒண்ணரை செகண்ட்ல, மெல்லிசான ஒரு தகடு மேல. அடுத்தடுத்து நாலு தடவை போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. எரிஞ்ச வாசனை வந்தா, பிடிக்கிற இடம் வழக்கத்தை விட மாறி வந்தா, அன்னைக்கு போதும்.

ஓடி முடிச்சதும் திரும்பி வர்ற பாதையில மெதுவா ஓட்டிட்டு வாங்க, வரிசையில நிக்கும்போது கிளட்சை மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க, நியூட்ரல்ல போட்டு காலை எடுங்க. பானெட்டைத் திறந்து வச்சு ரெண்டு ரன்னுக்கு நடுவுல 20 நிமிஷமாவது விடுங்க. பிரேக்கும் சூடா இருக்கும், அதனால ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல நிறுத்தி வைங்க. ஒரு நாளைக்கு ஆறு நல்ல ஸ்டார்ட் எனக்குப் போதும், அதுக்கு மேல கால் சோர்ந்து போய் பழைய தப்பெல்லாம் திரும்ப வருது.

வேற கார் வச்சிருக்கவங்களுக்கு

முன் வீல் ஓடுற கார்னா எடை பின்னாடி போகப் போக பிடி குறையும், அதனால 2,500 தாண்டாதீங்க, கிளட்சை இன்னும் மெதுவா விடுங்க, ஸ்டீயரிங்கை இறுக்கமா புடிங்க, ரெண்டு பக்கமும் இழுக்கும். நாலு வீலும் ஓடுற டர்போ கார்ல நிலைமை தலைகீழ், டயர் வழுக்கவே வழுக்காது, முழு வழுக்கலும் கிளட்ச் தலையில தான் விழும், ஆர்பிஎம் குறைவா வச்சா டர்போ முழிக்காம முக்கும், கூட வச்சா கிளட்ச் கருகும். அந்த காருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஸ்டார்ட்டுக்கு மேல வேண்டாம்னு தான் சொல்லுவேன். போர்ஷே 911 மாதிரி எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னாடி இருக்கிற காருக்கு பிடி நிறைய, அதே 3,500ல கிளட்சை இன்னும் கொஞ்சம் துணிஞ்சு விடலாம். ஜிஆர்86 வச்சிருந்தா எம்எக்ஸ்-5க்கு சொன்னது கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும், 2.4 லிட்டர் எஞ்சின்ல 3,700 ஆர்பிஎம்லயே டார்க் உச்சம் வந்துடுறதால 3,000ல ஆரம்பிச்சுப் பாருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி பின் டயர்ல காத்தை 29க்கு ஏத்திடுங்க, டயர் ஆறின பிறகு அளந்து ஏத்துங்க, சூட்டுல ஏத்தினா மறுநாள் காலைல குறைஞ்சு கிடக்கும். ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் திரும்ப ஆன் ஆயிருக்கான்னு டாஷ்ல ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க, வீட்டுக்குப் போற வழியில மழை வரலாம்.